தாமதம் போய்ச் சேரும் இடம்

அந்தக் கூட்டம் ஒரு டீ குடித்து முடிக்கிற நேரத்தில் முடிந்திருக்க வேண்டியது. கடலூர் முகத்துவாரத்தில் கட்டப்போகும் கதவணையின் வேலைகளை எந்த மென்பொருளை வைத்து நடத்துவது என்பதுதான் பேச வேண்டிய விஷயம். அதில் பேச ஒன்றுமே இல்லை என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். மாநிலத்தில் நடக்கும் கட்டுமான வேலைகளில் பத்துக்கு ஒன்பது 'நியமம்' என்ற மென்பொருளில்தான் ஓடிக்கொண்டிருந்தன. பாலம், பள்ளிக்கூடம், மெட்ரோ, ஆஸ்பத்திரி எல்லாமே அதில்தான். எந்த லாரி எங்கே மணல் இறக்க வேண்டும், எந்தக் கிரேன் எந்த ஊருக்குப் போக வேண்டும், எந்த வெல்டருக்கு எந்தக் கிழமை விடுப்பு என்பதுவரை அதுவே முடிவு செய்தது. பெரிய வேலைகள் அது சொன்ன தேதியில் முடிந்தன. அதற்கு முன்னால் அரசாங்க வேலை ஒன்று சொன்ன தேதியில் முடிந்ததாக யாருக்கும் ஞாபகம் இல்லை.

ஆனால் திட்ட இயக்குநர் ஜெசிந்தா கையெழுத்துப் போடவில்லை. பேனாவை மூடுவதும் திறப்பதுமாக இருந்தாள். இரண்டு தடவை எழுந்து போய் ஜன்னலைத் திறந்துவிட்டு வந்தாள். தலைமைப் பொறியாளர் வேதமூர்த்தி அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, உடம்புக்கு ஏதாவதா என்று விசாரித்தார். இல்லை என்றாள். இன்னும் ஒரு வாரம் அவகாசம் வேண்டும் என்றாள்.

அவருக்கு ஆச்சரியம். பண்ருட்டி மேம்பாலத்தைச் சொன்ன தேதிக்கு முன்னாலேயே முடித்து, மந்திரி கையால் பொன்னாடை வாங்கியவள் அவள். அந்த வேலையை ஓட்டியது நியமம்தான். அந்த நிறுவனம் மற்ற மாவட்டங்களில் ஆள் பிடிக்கப் போகும்போதெல்லாம் ஜெசிந்தாவின் படத்தைத்தான் முதலில் காட்டும்.

அவளை நிலைகொள்ளாமல் ஆக்கியது ஒரு கல்யாண வீட்டுப் பேச்சு. நெய்வேலியில் ஒரு கல்யாணத்தில் கல்லூரித் தோழி தேவசேனாவைப் பார்த்தாள். தேவசேனா உள்ளடங்கிய ஊர் ஒன்றில் ஒரு சிறிய அரசு மருத்துவமனையில் டாக்டர். அங்கே டயாலிசிஸ் பிரிவுக்குக் கட்டடம் எழும்பி, இயந்திரங்களும் வந்து, பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் கிடந்தன. மின்மாற்றி மட்டும் வரவில்லை. கடைசியில் ஒரு லாரி டிரைவர்தான் அவளிடம் சொல்லியிருக்கிறார், அவர்களுக்கென்று ஏற்றிய மின்மாற்றியைப் பாதி வழியில் திருப்பி, பண்ருட்டி மேம்பாலத்துக்குத் தூண் வார்க்கிற இடத்தில் இறக்கியதாக.

"உன்னைக் குத்திக்காட்ட சொல்லலடி," என்றாள் தேவசேனா. "சிவகாமி டீச்சர்னு ஒருத்தங்க. வாரம் மூணு தடவ பஸ் ஏறிப் பாண்டிச்சேரி போய் ரத்தம் சுத்தம் பண்ணிட்டு வருவாங்க. போன மாசம் திரும்பி வர்றப்ப பஸ்ஸுலயே போயிட்டாங்க. பக்கத்துல உக்காந்திருந்த பொண்ணு, தூங்குறாங்கன்னு நெனச்சு எழுப்பாம விட்ருக்கு."

ஜெசிந்தா சாப்பிடாமல் வீடு திரும்பினாள். வரும் வழியில் தன் மேம்பாலத்தின் மேலேயேதான் கார் வந்தது.

மறுநாளே நியமம் நிறுவனத்தின் வாடிக்கையாளர் அதிகாரி கிருபாகரனைக் கூப்பிட்டு விட்டாள். பொறுமையான மனிதர், மறைத்துப் பேசத் தெரியாதவர். அவள் கேட்டதும் அவர் மழுப்பவில்லை.

"தாமதத்தை ஒழிக்க முடியாது மேடம். கிரேன் இவ்வளவுதான் இருக்கு, சிமெண்ட் இவ்வளவுதான் இருக்கு. யாரோ ஒருத்தர் காத்திருக்கத்தான் வேணும். முன்னெல்லாம் செல்வாக்கு இல்லாதவன் காத்திருந்தான். இப்ப யார் காத்திருக்கணும்னு நியமம் கணக்குப் போடுது. எல்லாரும் அதுக்குள்ளேயே இருக்கறதால ஒரு இடத்துத் தாமதத்தைத் தூக்கி இன்னொரு இடத்துல வைக்க முடியுது. அவ்வளவுதான் அதோட வித்தை."

"எதை வச்சு இடம் பாக்குது?"

"எங்க நஷ்டம் கம்மியோ அங்க."

"யாருக்கு நஷ்டம்?"

"ஒப்பந்தத்துல எழுதியிருக்கற நஷ்டம்தான் மேடம் அதுக்குத் தெரியும். மேம்பாலம் தள்ளிப்போனா அபராதம்னு எழுதியிருக்கு. அந்த டயாலிசிஸ் பிரிவுக்கு யாரும் அப்படி எதையும் எழுதல."

பிறகு அவர் தன் கணினியில் ஒரு திரையைத் திறந்து அவள் பக்கம் திருப்பினார். அவள் இதற்கு முன் அதைப் பார்த்ததில்லை. வரைபடத்தின் நடுவே பண்ருட்டி மேம்பாலம். அதிலிருந்து மெல்லிய கோடுகள் நாலா பக்கமும் போயின. ஒவ்வொரு கோட்டின் முனையிலும் ஒரு வேலை, அவளுக்காகக் காத்திருந்த ஒரு வேலை. ஒரு மாணவியர் விடுதி. ஒரு குடிநீர்த் தொட்டி. ஒரு கால்நடை மருத்துவமனை. தேவசேனாவின் கட்டடமும் இருந்தது. அவள் முன்கூட்டியே முடித்த நாட்கள் அத்தனையும் அந்த ஊர்களிலிருந்து எடுத்து வந்தவை.

அந்தத் திரை எல்லோருக்கும் திறக்கும் என்றே அவள் நினைத்தாள். மற்றவர்கள் பார்த்துவிட்டு எப்படிச் சும்மா இருக்கிறார்கள் என்று அவர்கள் மேல் கோபம்கூட வந்தது.

அதற்குப் பிறகு அவளுக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்துவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசையின்போது எல்லோரும் முழந்தாளிடும்போது இவள் மட்டும் நின்றுகொண்டிருந்தாள். பக்கத்துப் பெண்மணி கையைப் பிடித்து இழுத்த பிறகுதான் தெரிந்தது.

நியமத்தை விட்டால் சந்தையில் மிச்சமிருந்தது 'ஏணி' என்ற சின்ன மென்பொருள். பரங்கிப்பேட்டையில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் அதன் அலுவலகம். நடத்துகிற முபாரக்குக்கு முப்பது சொச்சம் வயது. இரண்டு அரிசி ஆலைகள், ஒரு தர்கா புதுப்பிப்பு, ஒரு ஐஸ் தொழிற்சாலை என்று விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய வாடிக்கையாளர்கள். வந்திருப்பது கதவணை இயக்குநர் என்றதும் அவன் சந்தோஷப்படுவதற்குப் பதிலாகப் பயந்துபோனான்.

"உண்மையச் சொல்லிடறேன் மேடம். எங்ககிட்ட வந்தா உங்க வேலைய ஒழுங்கா அடுக்கித் தருவோம். ஆனா வெளியில இருந்து ஒரு செங்கல்லக்கூட எங்களால இழுத்துட்டு வர முடியாது. கிரேன் வச்சிருக்கறவங்க, கப்பல்காரங்க, இரும்புக்காரங்க எல்லாம் நியமத்துக்குள்ள இருக்காங்க. அந்த வரிசையில உங்களுக்கு எடமே இருக்காது. மிச்சம் மீதி இருந்தா வரும்."

மற்றவர்களிடமிருந்து எடுக்காத ஒன்றுதான் எனக்கு வேண்டும் என்றாள் ஜெசிந்தா. முபாரக் தலையைச் சொறிந்துகொண்டு, அதைத் தவிர எங்களுக்கு வேறு வழியே கிடையாது என்றான்.

ஏணியைத்தான் எடுக்கப்போகிறேன் என்று அவள் சொன்னபோது வேதமூர்த்தி கத்தவில்லை. விதிப்படி தேர்ந்தெடுக்கும் உரிமை திட்ட இயக்குநருக்குத்தான். சந்தையில் ஒரே ஆள் ஆகிவிடக் கூடாது என்று சட்டமும் மாற்று மென்பொருள் எடுப்பவர்களுக்குச் சலுகை கொடுத்தது. அவர் கோப்பை மூடி வைத்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"உன் மனசாட்சிக்கு நல்லதுதாம்மா. கடல் உள்ள வர்றப்ப அது குறுக்க நிக்குமா?"

அவள் கையெழுத்துப் போட்டாள். போட்ட பிறகு பல மாதங்களாக இல்லாத அளவுக்கு மனசு லேசாக இருந்தது. அந்த லேசு தை, மாசி வரையில் தாங்கியது.

கதவணைக்குப் பின்பக்கம், ஆறும் கடலும் சேருகிற மூலையில் சங்குமேடு என்ற மீனவக் குப்பம். ஒவ்வொரு ஐப்பசியிலும் கடல் ஏறி வந்து அந்தக் குப்பத்து வீடுகளுக்குள் நிற்கும். வருஷத்துக்கு வருஷம் கூடுதலாக ஏறுகிறது, கூடுதல் நாள் நிற்கிறது. கதவணையில் ஆறு இரும்புக் கதவுகள். ஆறையும் இறக்கிவிட்டால் கடல் வெளியே நின்றுகொள்ளும். குப்பத்தின் சார்பில் வேலையைப் பார்க்க வாராவாரம் வருகிறவள் அஞ்சலாட்சி. மீன் விற்பவள், மகளிர் குழுத் தலைவி, கூச்சலில்லாமல் பேசுகிறவள். கூடையை வெளியே இறக்கி வைத்துவிட்டு உள்ளே வருவாள். ஐப்பசிக்குள் ஆகிவிடுமா என்று ஒரே கேள்வி கேட்பாள். ஆகிவிடும் என்பாள் ஜெசிந்தா. எந்த மென்பொருள், ஏன் அது என்பதையெல்லாம் அவளிடம் சொல்ல வேண்டும் என்று ஜெசிந்தாவுக்குத் தோன்றவேயில்லை. அது அலுவலக விஷயம் என்றே இருந்துவிட்டாள்.

பங்குனியில் சிமெண்ட் நின்றது. சித்திரையில் வந்தது, பாதிதான் வந்தது. கதவுகளை இராணிப்பேட்டையில் ஒரு பட்டறையில் செய்துகொண்டிருந்தார்கள். அங்கே கேட்டால் தகடு வரவில்லை என்றார்கள், தகடு வந்தபோது ஆள் இல்லை என்றார்கள். ஆட்களை நியமம் வேறு எங்கோ அனுப்பியிருந்தது. ஜெசிந்தா போன் பேசியே தொண்டை கட்டிக்கொண்டாள். லாரி முதலாளிகள், பட்டறை மேஸ்திரிகள், கிரேன்காரர்கள் என்று ஒவ்வொருவரையாகத் தேடிப் போய், வீட்டு வாசலில் நின்று கேட்டாள். சிலர் இரக்கப்பட்டார்கள். நியமம் காட்டுகிற இடத்துக்குப் போகாவிட்டால் அடுத்த வேலை கிடைக்காது மேடம் என்று கையை விரித்தார்கள். முபாரக் பேக்கரி மாடியைப் பூட்டிவிட்டுத் தன் ஆட்களோடு கதவணைக்கே வந்து தகரக் கொட்டகையில் உட்கார்ந்துகொண்டான். தினமும் காலையில் அன்றைக்கு வராமல் போனதை எல்லாம் எடுத்துவிட்டு, வந்ததை வைத்து வேலையைப் புதிதாக அடுக்குவான். அடுக்கி முடித்ததும் இன்னொன்று வராமல் போகும்.

ஐப்பசி பிறந்தபோது ஆறில் நான்கு கதவுகள்தான் நின்றன. மீதி இரண்டும் வந்து கரையில் கிடந்தன. தூக்கி மாட்டக் கிரேன் இல்லை.

புயல் கார்த்திகையில் ஒரு காலை நேரத்தில் வந்தது. முந்தின நாளே குப்பத்துச் சனங்களை ஊருக்குள் ஒரு பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் வைத்திருந்தார்கள். ஜெசிந்தா கதவணையின் மேல்தளத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான்கு கதவுகளும் கடலைத் தாங்கின. கதவில்லாத இரண்டு வாய்களின் வழியாக, ஆறு வாய்களிலும் பிரிந்து வந்திருக்க வேண்டிய தண்ணீர் அத்தனையும் இரண்டு மடங்கு வேகத்தில் உள்ளே பாய்ந்தது. சங்குமேட்டின் முன்வரிசை வீடுகள் அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மடிந்து உட்கார்ந்தன.

அஞ்சலாட்சியின் தம்பி கலியபெருமாள் பள்ளிக்கூடத்திலிருந்து யாருக்கும் சொல்லாமல் திரும்பி வந்திருக்கிறான். படகின் எஞ்சினைக் கழற்றி மேட்டில் வைத்துவிட்டுப் போய்விடலாம் என்று நினைத்தானாம். மறுநாள் மதியம் உப்பளத்தில் அவனைக் கண்டெடுத்தார்கள்.

சவத்தை அடக்கத்துக்கு எடுத்த அன்றைக்கு ஜெசிந்தா தூரத்தில் ஒரு வேப்பமரத்தடியில் நின்றாள். கிட்டே போகத் துணிவு வரவில்லை, போய்விடவும் முடியவில்லை.

அந்த வாரத்திலேயே தேவசேனா போன் செய்தாள். குரலில் சிரிப்பு இருந்தது. மின்மாற்றி வந்துவிட்டதாம், யாரும் கேட்காமலேயே ஒரு நாள் லாரி வந்து வாசலில் நின்றதாம். டயாலிசிஸ் பிரிவு ஓடத் தொடங்கிவிட்டது, காலையில் எட்டுப் பேர் படுத்திருக்கிறார்கள் என்றாள். எங்கிருந்து வந்தது என்று ஜெசிந்தா கேட்டாள்.

"கடலூர்ப் பக்கம் ஏதோ ஒரு வேலைக்குன்னு எடுத்து வச்சிருந்ததாம். அது இப்ப வரிசையிலயே இல்லையாம். ஏண்டி, உன்னோடதா?"

ஆமாம் என்றாள். சந்தோஷம் என்றும் சொன்னாள். அது பொய்யில்லை. போனை வைத்த பிறகு தகரக் கொட்டகையைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். முபாரக் இரண்டு முறை தண்ணீர் கொண்டுவந்து நீட்டினான், வாங்கிக்கொள்ளவில்லை.

யாரோ செய்தித்தாளில் எழுதிவிட்டார்கள், ஊரெல்லாம் எடுக்கிற மென்பொருளை இந்த அம்மா மட்டும் வேண்டாமென்று தள்ளியதாக. அதைப் படித்துச் சொல்ல வைத்துக் கேட்டுவிட்டு அஞ்சலாட்சி வந்தாள். கூடை இல்லாமல் வந்தாள்.

"அது இருந்திருந்தா ஆறு கதவும் நின்னிருக்குமா?"

"நின்னிருக்கும்," என்றாள் ஜெசிந்தா. ஏன் எடுக்கவில்லை என்பதையும் சொன்னாள். மேம்பாலம், மின்மாற்றி, பஸ்ஸில் செத்துப்போன டீச்சர் எல்லாவற்றையும் சொன்னாள். அஞ்சலாட்சி குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"அந்த டீச்சரம்மாவுக்காக நீங்க அழுவுறது நாயந்தான். அவங்கள யாரும் கேக்கல. கேக்காம எடுத்துக்கிட்டாங்க." அவள் குரல் உயரவில்லை. "நீங்க எங்கள ஒரு வார்த்த கேட்டீங்களா? எங்க நாள எடுத்து நீங்க தர்மம் பண்ணிட்டீங்களே."



பொங்கல் கழிந்ததும் அவள் நியமம் நிறுவனத்துக்கு விண்ணப்பம் போட்டாள். கௌரவம் பார்க்கவில்லை. மீதி வேலையை நியமத்திலேயே முடித்துக்கொள்கிறோம், அடுத்த மழைக்குள் இரண்டு கதவையும் மாட்ட வேண்டும் என்று எழுதினாள். ஓடி வந்து சேர்த்துக்கொள்வார்கள் என்று வேதமூர்த்தியும் நினைத்தார். பணிவான பதில் வந்தது. இந்த வட்டாரத்தில் புதிய வேலைகளைத் தற்போதைக்கு ஏற்பதற்கில்லை, மன்னிக்கவும். மறுபடி எழுதினாள். மறுபடி அதே பதில்.

கிருபாகரனைத் தேடினாள். அவர் வேலையை விட்டிருந்தார். விழுப்புரத்தில் ஒரு பாலிடெக்னிக்கில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். வகுப்பு முடிந்து வெளியே வந்தவர் அவளைப் பார்த்ததும், எதிர்பார்த்திருந்தவர் மாதிரி, மரத்தடி பெஞ்சில் இடம் ஒதுக்கிக் கொடுத்தார்.

"உங்கள இனிமே எடுக்க மாட்டாங்க மேடம். பத்துல ஒன்பது பங்குக்கு மேல சந்தை ஒரே ஆள் கையில இருந்தா நிறுவனத்த ரெண்டா உடைக்கணும்னு சட்டம் இருக்குல்ல. நியமம் அந்தக் கோட்டத் தொட்டுட்டு நின்னுது. கொஞ்சப் பேர் வெளிய போயே ஆகணும்னு நிலைமை. யார அனுப்பலாம்னு மேல உள்ளவங்க நியமத்துக்கிட்டயே கேட்டாங்க."

"அது எங்களச் சொல்லிச்சா?"

"துரத்தக் கூடாது. துரத்தினா கேஸ் வரும். அவங்களா விருப்பப்பட்டுப் போகணும். யார் அப்படிப் போவாங்கன்னு அது தேடிச்சு. இத்தன வருஷமா நீங்க அதுல என்ன எழுதுனீங்க, எந்தத் தகவலப் பாத்ததும் வேலைய நிறுத்திட்டு எழுந்து போனீங்க, எல்லாம் அதுக்குத் தெரியும். அன்னிக்கு உங்ககிட்ட ஒரு திரையத் திறந்து காட்டுனேனே. இந்த மாவட்டத்துல வேற யாருக்கும் அது திறக்கல. உங்களுக்குக் காட்டச் சொல்லி எனக்குக் குறிப்பு வந்திருந்தது. வெளிப்படையா நடந்துக்கறாங்களேன்னு நான்கூடப் பெருமைப்பட்டேன்."

"அதுல இருந்தது பொய்யா?"

"இல்ல மேடம். அவ்வளவும் நெஜம். நெஜத்தைச் சரியான ஆளுக்குக் காட்டினா போதும்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இன்னொண்ணும் இருக்கு. உள்ள இருக்கறவங்க யாராவது காத்திருந்தா புகார் வரும். வெளிய இருக்கறவங்க காத்திருந்தா அதுக்குக் கணக்கே கிடையாது. எல்லாத் தாமதத்தையும் கொண்டு போய்க் கொட்ட ஒரு இடம் அதுக்கு வேணும். புயல் செய்தி கேட்ட அன்னிக்குத்தான் நான் ராஜினாமா எழுதினேன். அதனால யாருக்கும் ஒண்ணும் ஆயிடல."

பஸ்ஸில் திரும்பி வரும்போது அவளுக்கு ஒரே யோசனை. தன் மனசு உறுத்தியது தன்னுடைய உறுத்தல்தானா, அல்லது யாரோ விரல் வைத்து அழுத்தியதா? தேவசேனாவின் எட்டு நோயாளிகள் நினைவுக்கு வந்தார்கள். அவர்கள் உயிரோடு இருப்பது நிஜம். உப்பளத்தில் கிடந்தவனும் நிஜம். இரண்டையும் எடை போட்டுப் பார்க்கத் தொடங்கினாள். தானும் இப்போது நியமம் செய்ததையே செய்துகொண்டிருக்கிறோம் என்பது உறைத்ததும், வீட்டுக்குப் போகாமல் கடலூர் முதுநகரில் இறங்கி, சங்குமேட்டுக்கு நடந்தாள்.

இடிந்த வீடுகளுக்கு மேலே தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். வலை பின்னுகிற கொட்டகையில் குப்பத்துப் பெண்களும் ஆண்களும் கூடினார்கள். கிருபாகரன் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னாள். சிலருக்குப் புரிந்தது, சிலருக்கு மற்றவர்கள் விளக்கினார்கள். ஒரு கிழவர், அப்படியென்றால் நம்மைத்தான் பொறுக்கி எடுத்துக் கழித்துவிட்டார்கள் என்றார். ஆமாம் என்றாள். இப்போது என்ன செய்யலாம் என்று அவள் சொல்லவில்லை. கேட்டாள்.

அஞ்சலாட்சி பதிலுக்கு, கிரேன் எங்கே இருக்கிறது என்று விசாரித்தாள்.

அது ஜெசிந்தாவுக்குத் தெரியும். போன வருஷம் பூராவும் வாசல் வாசலாக நின்றதில் அந்த ஒரு பலன் மிஞ்சியிருந்தது. அவ்வளவு பெரிய கதவைத் தூக்குகிற கிரேன் சேலத்துக் குழந்தைவேலுவிடம்தான் உண்டு. அவருக்கு அங்கேயே போன் போட்டாள். ஆவணி வரை அது வெளிமாநிலத்தில் இருக்கிறது, புரட்டாசி, ஐப்பசி இரண்டு மாதமும் கல்வராயன் மலையில் ஓடைப் பாலத்துக்கு நியமம் அதைப் போட்டிருக்கிறது என்றார் அவர். அந்த ஊர்க்காரர்களே மனசார விட்டுக்கொடுத்தால் நியமம் என்னைக் குறை சொல்லாது, இல்லாவிட்டால் நான் வண்டியை நகர்த்த முடியாது என்றார். பாலத்துக்காக அலைகிற வார்டு உறுப்பினர் ஒரு பெண்மணி, பெயர் சின்னப்பொண்ணு என்று சொல்லி, போன் நம்பரையும் கொடுத்தார்.

அஞ்சலாட்சி கையை நீட்டி போனை வாங்கிக்கொண்டாள். ஒலிபெருக்கியில் போட்டாள். தான் யார், எந்த ஊர், தம்பி எப்படிப் போனான் என்று நேராகச் சொன்னாள். உங்களுக்கு வரப்போகிற கிரேன் எங்களுக்கு வேண்டும், எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்கவில்லை, என்ன செய்யலாம் என்று கேட்கிறேன் என்றாள்.

அந்தப் பக்கம் ஆடு கத்துவது கேட்டது.

"ரெண்டு வருசமா பாலம் தள்ளித் தள்ளிப் போவுது," என்றது மலையிலிருந்து வந்த குரல். "மழையாலன்னு சொன்னாங்க. மழையே பெய்யலியேன்னு நாங்களும் நெனச்சோம். இப்பத்தான் ஒருத்தரு போன் போட்டுக் கேக்கறீங்க. தரேன்னும் சொல்லல, மாட்டேன்னும் சொல்லல அக்கா. எங்க புள்ளைங்க ஓடையத் தாண்டித்தான் இஸ்கூலுக்குப் போவுது. நீங்க ஒருக்கா வந்து பாருங்க. உக்காந்து பேசலாம்."

அடுத்த நாளே குப்பத்திலிருந்து ஆறு பேர் கிளம்பினார்கள். ஜெசிந்தா ஜீப்பைக் கொண்டுவந்து நிறுத்தினாள். அஞ்சலாட்சி முன்சீட்டில் ஏறப் போனவள் நின்று திரும்பினாள்.

"நீங்க வர வாணாம்மா. வண்டிய மட்டும் குடுங்க. நீங்க வந்தா அது ஆபீசு வேலயா ஆயிடும்."

ஜெசிந்தா டிரைவர் கையில் சாவியைக் கொடுத்துவிட்டுக் கீழே நின்றாள்.

அவள் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான நாட்களைப் பார்த்ததில்லை. யாரையும் கூப்பிட முடியாது, எதையும் முடுக்கிவிட முடியாது. மலையில் போன் எடுப்பதும் இல்லை. கதவணை மேலே போய் நின்றாள். கதவில்லாத இரண்டு வாய்களிலும் தண்ணீர் போவதும் வருவதுமாக இருந்தது. கொட்டகைக்குத் திரும்பினாள், மறுபடி மேலே ஏறினாள். முபாரக், உட்காருங்க மேடம் என்று சொல்வதையே விட்டுவிட்டான்.

மூன்றாம் நாள் பிற்பகலில் ஜீப் வந்தது. பின்சீட்டில் மலைக்காரர்கள் கொடுத்தனுப்பிய சாமை மூட்டையோடு, கூடவே வந்த சின்னப்பொண்ணு உட்கார்ந்திருந்தாள். கறுத்து மெலிந்த பெண். இறங்கியதும் யாரிடமும் பேசாமல் நேரே கதவணை மேல் ஏறிப்போய், அந்த இரண்டு வாய்களையும் எட்டிப் பார்த்தாள். பிறகு இடிந்த வீடுகள் வழியாக ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தாள். அஞ்சலாட்சியைப் பார்த்துத் தலையை ஆட்டினாள்.

பேசியது இதுதான். புரட்டாசியில் கிரேன் மலைக்குப் போகும். பாலத்தின் பெரிய உத்தரங்களை மட்டும் தூக்கி வைத்துவிட்டு உடனே இறங்கி வரும். மேல்தளம் போடும் வேலையை அவர்கள் கையாலேயே செய்துகொள்வார்கள், சங்குமேட்டிலிருந்து ஆட்கள் போய்க் கூட நிற்பார்கள். இங்கே மழைக்கு முன்னால் ஐந்தாவது கதவு ஏறிவிடும்.

"ஆறாவது?" என்று கேட்டாள் ஜெசிந்தா.

"அதுக்குள்ள மழ வந்துரும்," என்றாள் அஞ்சலாட்சி. "ஒரு வாய் தொறந்துதான் கெடக்கும். முன்வரிசையில இந்த வருசம் யாரும் குடியிருக்கறதில்லன்னு பேசிட்டோம். படகெல்லாம் முன்னாடியே மேட்டுல ஏத்திருவோம்." அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "போன தடவ தெரியாம நின்னோம். இந்தத் தடவ தெரிஞ்சு நிக்கறோம்."

முபாரக் கணினியைத் திறந்து, ஆறாவது கதவுக்கு என்ன தேதி போடட்டும் என்று கேட்டான். ஜெசிந்தா திரும்பி அஞ்சலாட்சியைப் பார்த்தாள்.